எழுதாமல் விட்ட வரி

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கம்ப்யூட்டரை அணைக்க மாட்டோம். அணைத்தால் உள்ளே ஈரம் ஏறிவிடும், மறுநாள் கிளம்பாது. எஸ்டேட் ஆபீஸிலும் அப்படித்தான், போட்டோ ஸ்டுடியோவிலும் அப்படித்தான். திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் கீழ் கோத்தகிரியில் ஒரு ஐப்பசி மாதம் இருந்து பார்க்கட்டும். செருப்பில் பூஞ்சை பூக்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும்.

இந்தப் பழக்கம்தான் என் தப்பை ஐந்து வாரம் மூடி வைத்தது. அதற்காகப் பழக்கத்தை வையவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறவன். எஸ்டேட்டின் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, அடக்கம் செய்வது எல்லாம் உபதேசியார்தான். அவர் பொறுப்பில் 'கல்லறை நோட்டு' என்று ஒன்று இருந்தது. யாரை எந்த வரிசையில், எத்தனையாவது குழியில் புதைத்தார்கள் என்ற விவரம். எங்கள் கல்லறைத் தோட்டம் சரிவில் படிப்படியாக இறங்குவது. கல் வைக்க வசதியுள்ள குடும்பங்கள் சொற்பம். மரச்சிலுவை இரண்டு மழைக்குத் தாங்கும், அப்புறம் மக்கிவிடும். அதனால் பாதிப் பேருக்கு அடையாளம் அந்த நோட்டு ஒன்றுதான்.

அந்த வருஷம் ஆடிக் காற்றில் கோயில் கூரையின் தகரம் ஒன்று பறந்தது. அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி நோட்டு ஊறிப்போனது. உபதேசியார் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேயிலை ஃபேக்டரிக்கு ஓடினார். அங்கே பச்சைக் கொழுந்தை வாட்ட அடியிலிருந்து சூடான காற்று விடும் நீளமான தொட்டிகள் உண்டு. ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பரப்பி இரண்டு நாளில் காயவைத்தோம். காய்ந்தது என்னவோ காய்ந்தது, அப்பளமாக. தொட்டால் ஓரம் உடைந்தது. மை வெளிறி, தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது. செல்போனில் படம் எடுத்துப் பார்த்தேன். பழுப்பைத் தவிர ஒன்றும் விழவில்லை.

"ஏனுங்க தம்பி, இனி என்ன பண்றதுங்க?" என்று உபதேசியார் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம், விடுங்க" என்றேன். எனக்கு வாய் எப்போதும் ஒரு முழம் நீளம்.

கோயிலை ஒட்டிய அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் ஒரு டேட்டாபேஸை நிறுவி, பெயர், வயது, தேதி, வரிசை, குழி என்று கட்டங்கள் போட்டு ஒரு புரோகிராம் எழுதினேன். புரோகிராம் டேட்டாபேஸோடு நேராகப் பேசாது. நடுவில் டிரைவர் என்கிற சின்ன நிரல் தொகுப்பு வேண்டும். அதை இறக்கி, இணைப்பு வரியை எழுதி, இணைந்ததும் ஒரே துள்ளல். வரிசை எண் இல்லாமல் எதையும் வாங்காதே என்று ஒரு விதியும் போட்டேன். எங்கே கிடக்கிறார் என்று தெரியாத பதிவு எதற்கு என்ற நினைப்பு. நெடுநேரம் சும்மா கிடந்தால் டேட்டாபேஸ் இணைப்பைத் துண்டித்துவிடும் என்பதால், சில நிமிஷத்துக்கு ஒரு முறை அதைத் தட்டி எழுப்பவும் ஒரு வரி எழுதினேன். இத்தனை புத்தி இருந்தது எனக்கு!

டைப் அடிக்க ஓர் அக்கா தானாக வந்தார். எஸ்டேட்டின் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், வேலை பார்த்தவர். தமிழ் டைப்பிங் படித்தவர். எதற்கு வந்தார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மூத்தது பொண்ணுங்க தம்பி. ஒரு நாள்தான் இருந்துச்சு. நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தேன். எங்க வீட்டுக்காரரும் அப்ப இருந்த உபதேசியாரும் தூக்கிட்டுப் போய் வெச்சுட்டாங்க. எங்கன்னு கேட்டா, மறந்துடுன்னாரு வீட்டுக்காரரு. இப்ப ரெண்டு பேருமே போயிட்டாங்க. எந்த மண்ணுன்னு தெரியாமயே வருஷா வருஷம் மெழுகுவத்தியோட நிக்கிறேன். நோட்டுல இருக்கும்ல?"

"இருக்கும்க்கா" என்றேன்.

ஒரு தாளைப் படித்து ஏற்றி முடிப்பதற்குள் அது கையிலேயே நொறுங்கும். நொறுங்கியதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தோம். அந்தக் கிழட்டு மெஷினில் புரோகிராம் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆகும் என்பதால் யாரும் அதை மூடவில்லை. வாரம் ஒரு முறை நான் பென் டிரைவில் பேக்கப் எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பெரிய காரியம் செய்தவன்போல் நடந்து போவேன்.

நான்காவது வாரம் ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை. "தம்பி, இங்க வாங்க."

கடைசிப் பக்கங்களில் குழந்தைகளைத் தனியாக எழுதியிருந்தார்கள். பெயர் கிடையாது. அக்கா கணவரின் பெயர், அதன் கீழே 'பெண் சிசு, ஒரு நாள்', பிறகு வரிசை, குழி. அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். சேமி என்ற பட்டனை அழுத்தினார். பட்டியலில் அந்த வரி வந்து உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கொஞ்சம் தெளிந்து, பையிலிருந்து பேனாவை எடுத்தார். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதப் போனார். நான்தான் தடுத்தேன்.

"எதுக்குங்கக்கா எழுதிட்டு? தாளை நம்பி நம்ம பட்டது போதாதா? நீங்க தொலைச்சாலும் இது தொலைக்காது. கல்லறைத் திருநாளுக்கு நானே பெருசா பிரிண்ட் எடுத்துத் தர்றேன்."

அக்கா சிரித்தார். "அதுவும் சரிதான்" என்று பேனாவை மூடி உள்ளே வைத்தார். இந்த ஒரு காட்சி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவி.

உடனே போய்ப் பார்க்கவும் வழியில்லை. சரிவில் இடுப்பளவு புல், அதற்குள் காட்டெருமை. திருநாளுக்கு முன்னால்தான் ஊர் கூடிப் புல் வெட்டும். "பூவோடதான் போவேன்" என்று அக்காவும் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. சில்வர் ஓக் மரம் ஒன்று மின்கம்பியின் மேல் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. அதுவரை சின்னச் சின்ன மின்வெட்டைச் சமாளித்த யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஓய்ந்தது. நான்காம் நாள் காலை கரண்ட் வந்ததும் அக்காவும் நானும் போய் புரோகிராமைத் திறந்தோம். கட்டங்கள் வந்தன. பட்டியல் வெறுமையாக நின்றது.

"இன்னும் வரலைங்களா தம்பி? பழைய மெஷின், மெதுவா வரட்டும்" என்றார் அக்கா.

டேட்டாபேஸுக்குள் நேராகப் போய்ப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. பேக்கப்புகளைத் திறந்தேன். ஐந்திலும் கட்டங்களின் தலைப்பு மட்டும். அப்போதுதான் உறைத்தது.

நாம் கொடுக்கும் பதிவை டேட்டாபேஸ் வாங்கிக்கொள்ளும், ஆனால் 'கமிட்' என்ற கட்டளை வரும்வரை நிலையாகப் பதியாது. அதுவரை கொடுத்த இணைப்பின் கண்ணுக்கு மட்டும் எல்லாம் இருப்பதாகவே தெரியும், பேக்கப்புக்குத் தெரியாது. இணைப்பு அறுந்தால் எதுவும் நடக்காததுபோலப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கம்பெனியில் நான் பயன்படுத்திய டிரைவர் அந்தக் கட்டளையைத் தானே போட்டுக்கொள்ளும். இது போடாது. விளக்கக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. தினமும் கம்ப்யூட்டரை அணைக்கிற ஊராக இருந்திருந்தால் இரண்டாம் நாளே மாட்டியிருப்பேன். ஐந்து வாரமும் அக்கா ஒரே ஒரு அறுபடாத இணைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அறுபடாமல் காத்தவனும் நான்தான்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தோம். ஈரம் ஏறி, எல்லாம் கருத்த கூழாகிக் கிடந்தது.

அக்காவிடம் சொல்லத்தானே வேண்டும். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு நெனப்பு இருக்குங்க. ஆறாவது வரிசை" என்றார். வெறும் பட்டியலை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒன்பதோ?" என்றார். "அழுதுட்டே இருந்துட்டேன் தம்பி. நம்பரைச் சரியாப் பாக்கலை. உங்களுக்கு?"

எனக்கு ஏழு என்று பட்டது. ஆனால் அது அதற்கு முந்தைய பதிவின் எண்ணாகவும் இருக்கலாம்.

விட்டுப்போன கட்டளையைச் சேர்த்தேன். ஒரே ஒரு வரி. பிறகு அக்கா, "அவளை மொதல்ல ஏத்துங்க" என்றார். பெண் சிசு, ஒரு நாள். வரிசையைக் காலியாக விட்டு அழுத்தினேன். டேட்டாபேஸ் மறுத்துவிட்டது: வரிசை எண் இல்லாமல் வாங்க முடியாதாம். நான் போட்ட விதிதானே! அந்த விதியை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். பதிவு எண் 413 என்று வந்தது. ஒன்று என்று வரும் என்றுதான் நினைத்திருந்தேன். முன்னே 412 பேர் வந்து போனார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் அது அழிக்கவில்லை. பெயர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எண்ணிக்கையை வைத்துக்கொண்டது. கம்ப்யூட்டரை ஓங்கி அடிக்கலாம் போல இருந்தது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கம்ப்யூட்டரை அணைத்தேன், மறுபடி போட்டேன். 413 அங்கேயே இருந்தது. பக்கத்தில் வரிசைக் கட்டம் காலி.

கல்லறைத் திருநாளன்று புல் வெட்டி, மேடுகள் தெரிந்தன. குழந்தைகளை வைத்த பக்கத்தில் ஆறாவது வரிசையிலிருந்து ஒன்பதாவது வரை அடையாளமில்லாத சின்னச் சின்ன மேடுகள். அக்கா ஒரு கல்லறைக்கு வேண்டிய பூதான் கொண்டுவந்திருந்தார். சரத்தைப் பிரித்து, மேட்டுக்கு ஒரு பூவாகக் குனிந்து குனிந்து வைத்துக்கொண்டே போனார். நான் பின்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு போனேன். ஒன்பதாவது வரிசைக் கடைசியில் நின்றார். நார் மட்டும் கையில் இருந்தது. இன்னும் இரண்டு மேடு மிச்சம்.

திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்த ரெண்டுல ஒண்ணுல அவ இருந்துட்டான்னா, தம்பி?"