பெயர் எழுதாத முகம்

இங்கிலாந்தில், ஷெஃபீல்டின் கிழக்குப் பக்கத்தில் பெவர்லி ஸ்டானிஃபோர்த்துக்கு ‘கல்லறை பெவ்’ என்று பட்டப்பெயர். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசு முழுக்க உருளைக்கிழங்கு மசித்தவள், அம்மா போன பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் குடும்ப வேரைத் தேடக் கிளம்பினாள். அரம் வெட்டிப் பிழைத்தவர்கள், உருக்காலையில் கண்ணைப் பறிகொடுத்தவர்கள் என்று ஒவ்வொருவராகத் தோண்டி எடுத்தாள். தன் வீட்டுச் செத்தவர்கள் தீர்ந்ததும் தெருக்காரர்களின் செத்தவர்களுக்குத் தாவினாள். “அவகிட்ட வாயக் குடுக்காதீங்க, உங்க கொள்ளுத்தாத்தாவ எழுப்பிக் கூட்டியாந்துடுவா” என்று மீன் வறுவல் கடையில் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

வருஷம் ஒருமுறை அவளுடைய குழு தேவாலயக் கூடத்தில் பழைய புகைப்படங்களை வைக்கும். பக்கத்தில் மஞ்சள் சீட்டும் பேனாவும் இருக்கும். தெரிந்த முகமாக இருந்தால் பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். ‘ஒரு முகமும் பெயரில்லாமல் போகக் கூடாது’ என்று அவளே வாசலில் எழுதி மாட்டியிருந்தாள். இந்த முறை நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின் நாற்பதாவது ஆண்டு. யாரோ ஒரு புகைப்படக்காரரின் விதவை பரண் பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டிருந்தாள். முந்தின நாளே குழுவின் இளசுகள் படங்களை மாட்டிவிட்டார்கள். பெவர்லி சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது கூட்டமும் அவளோடேயே உள்ளே நுழைந்தது.

மூன்றாவது பலகையில் ஒரு பேருந்து. ஜன்னலெல்லாம் கம்பி வலை, இரண்டு பக்கமும் போலீஸ். உள்ளே ஒரு ஆள் கோட்டைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடியிருந்தான். கறுப்புக் கோட்டு. அதில் ஒரு பொத்தான் மட்டும் பெரியது, பச்சை.

பெவர்லி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அந்தப் பொத்தானைத் தைத்தவள் அவள். தன் பழைய பள்ளிக்கூடக் கோட்டிலிருந்து பிய்த்து அப்பாவின் கோட்டில் தைத்தாள். வேறு பொத்தான் வாங்க அப்போது வழியில்லை.

அந்தப் பேருந்தில் யார் போனார்கள் என்று இந்த ஊரில் குழந்தையும் சொல்லும். ஊரே ஒரு வருஷம் கூலியில்லாமல் சுரங்க வாசலில் நின்றபோது, வேலைக்குத் திரும்பிய கருங்காலிகள் போனது அதில்தான். கருங்காலியை இங்கே அடிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். முதுகைக் காட்டுவார்கள். கடையில், கிளப்பில், கல்லறையில், சாகிற வரைக்கும். பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவர் செத்தபோது சவப்பெட்டி தூக்கக்கூட வெளியூர் ஆள்தான் வந்தது.

அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பா வில்ஃபுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. மனைவி இல்லை, முழங்கால் இல்லை, பாதிக் காது இல்லை. சனிக்கிழமை தோறும் கிளப்பில், கூட வேலை பார்த்த செட்ரிக்கோடு டாமினோ காய் ஆடுவார். அந்த ஆட்டத்துக்காகத்தான் மனிதர் முகம் மழிக்கிறார்.

பெவர்லிக்கு, வேலைநிறுத்தம் முடியப்போன அந்தப் பிப்ரவரி ஞாபகம் வந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போய், மூன்று வாரக் கைக்குழந்தையோடு அப்பா வீட்டில் கிடந்தாள். ஜன்னலின் உட்பக்கம் பனி உறைந்திருந்தது. ஒருநாள் திடீரென்று கரி மூட்டை வந்து இறங்கியது. “பந்தயப் பொறாவயெல்லாம் வித்துட்டேன்” என்றார் அப்பா. அவள் புறாக்கூண்டைப் போய்ப் பார்க்கவில்லை. ஊரார் வீட்டு ரகசியத்தையெல்லாம் தோண்டியவள், கொல்லைப்புறம் வரை நடக்கவில்லை.

படத்தை உடனே கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கழற்றாவிட்டால் யாராவது பெயர் எழுதிவிடுவார்கள். மற்ற படங்களிலெல்லாம் மஞ்சள் சீட்டு ஏறிக்கொண்டே வந்தது. டோரத்தி, தொட்டில் குழந்தையின் படத்தைக்கூட அடையாளம் சொல்கிறவள், பேருந்துப் படத்தில் மூக்கு இடிக்கக் குனிந்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு பெவர்லியைப் பார்த்தாள்.

“ஒன் டீ ஆறிப்போச்சு கண்ணு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

பெவர்லி அப்பாவுக்குப் போன் செய்தாள். “மழையா இருக்குப்பா. இன்னிக்கு வராதீங்க.”

“நான் என்ன சக்கரையா, கரையறதுக்கு? செட்ரிக்கும் வர்றான், நானும் வர்றேன்.”

கேக் வெட்டக் கூப்பிட்டதும் கூட்டம் அந்தப் பக்கம் போனது. அவள் படத்தைப் பிடுங்கி, டீ ஊற்றக் கட்டியிருந்த ஏப்ரன் பைக்குள் திணித்தாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வில்ஃப் வாசலில் நின்றார், கூடவே செட்ரிக்.

வில்ஃப் கைத்தடியை ஊன்றி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது பலகையில் ஒரு இடம் காலியாக இருந்தது. மகளைப் பார்த்தார். ஏப்ரன் பைக்கு வெளியே பேருந்தின் கம்பி வலை பாதி நீட்டிக்கொண்டிருந்தது.

“எதை மறைக்கிற பெவ்?”

“ஒண்ணுமில்லப்பா. வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

“என்னயவா?”

“அப்பா, கெஞ்சிக் கேக்கறேன், மெதுவாப் பேசுங்க.”

அவர் மெதுவாகப் பேசவில்லை. காது கேட்காதவர் எப்போதுதான் மெதுவாகப் பேசினார்? “எம் பொண்ணே என்னய நெனச்சு வெக்கப்பட்டு ஒளிச்சு வைக்க வேணாம். அந்த பஸ்ல மூஞ்சிய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கறது நாந்தான்.”

கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது.

செட்ரிக்தான் முதலில் பேசினார். “டேய், உன்ன இப்ப யாருடா கேட்டா?”

“கேக்கலதான்…”

“அந்தப் பச்சைப் பொத்தான் எங்களுக்குத் தெரியாதா? அந்தக் குளிர் முழுக்க அந்தக் கோட்டோடதான சுரங்க வாசல்ல எங்க பக்கத்துல நெருப்புக் காஞ்ச? கடைசி மூணு வாரம் காய்ச்சல்னு சொன்ன, நான் நம்பினதா வச்சுக்கிட்டேன். கைக்கொழந்தை இருக்கற வீடுன்னு தெரியும்டா. நீ சொல்லல, நானும் கேக்கல. அதனாலதான உங்கூட ஒக்கார முடிஞ்சுது?” அவர் தலையை ஆட்டினார். “இப்ப ஊருக்கு முன்னாடி சொல்லிட்டியே. நான் என் காதால கேட்டுட்டேனே.”

செட்ரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, முதுகைக் காட்டி நின்றார். டோரத்தி திரும்பினாள். ஒவ்வொருவராகக் கூடமே திரும்பியது. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது பலகைக்கு முன்னால் அத்தனை பேரும் நின்றுவிட்டுப் போயும் பேருந்துப் படத்தில் ஏன் ஒரு சீட்டுக்கூட விழவில்லை என்று பெவர்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் படம் அங்கேயே தொங்கியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

மழையில் அப்பாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பெவ்” என்றார். “ஒவ்வொரு சனிக்கிழமையும், இன்னிக்குக் கண்டுபிடிச்சிடுவானோன்னு பயந்து பயந்து காய் வச்சேன். மொதல்லேருந்தே தெரிஞ்சிருக்கு.”

“நான் எடுத்திருக்கக் கூடாதுப்பா. பயந்துட்டேன்.”

“நானுந்தான்” என்றார் வில்ஃப்.

அடுத்த சனிக்கிழமை அவர் முகம் மழிக்கவில்லை.