கல் படிக்கப் போனவள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் எம்.எஸ். படிக்க ஈரோட்டிலிருந்து டெக்சாஸ் போனேன். பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு அபார்ட்மெண்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்த பெண் லாகூர்க்காரி. நிலவியல் மாணவி. முதல் நாள் என்னிடம் உருதுவில் ஏதோ கேட்டாள். புரியவில்லை என்றேன்.

"இந்தியாவிலேர்ந்து வந்திருக்கே, ஹிந்தி தெரியாதா?" என்றாள் ஆங்கிலத்தில்.

"தெரியாது. தெரியணும்னு யாரு சொன்னா?"

அந்தப் பதிலுக்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். கடைசிவரை எங்களுக்குள் ஆங்கிலம்தான்.

ஊரிலிருந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு ஆன்ட்டி, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக் விருந்தில் என்னைத் தனியே அழைத்துப் போனார். "ஏம்மா, உனக்கு வேற ரூம்மேட்டே கிடைக்கலையா? நாளைக்கு வரன் பாக்கறப்ப யாராவது போய் சொல்லிட்டா என்ன பண்ணுவே?"

"சொல்லட்டும் ஆன்ட்டி. நான் சமைச்சதை மிச்சம் வைக்காம சாப்பிடறவ அவ ஒருத்திதான்," என்றேன். அந்த வருஷம் அவர் வீட்டிலிருந்து எனக்கு வேறு அழைப்பு வரவில்லை.

லாகூர்க்காரியின் தாய்மாமா ஹூஸ்டனில் இருந்தார். அவரை 'மாமூ' என்பாள். மாமூவின் மகனுக்குத்தான் அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். இதை அவள் என் வகுப்பு டெல்லிப் பெண்களிடம் சொன்னபோது அவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "முறைப்பையன்" என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கென்று ஒரு சொல்லே இருப்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். கல்யாணம் கட்டாயம் உண்டு என்ற உறுதியின் பேரில்தான் அவள் அப்பா அவளை விமானம் ஏற்றியிருந்தார்.

சிக்கல் கோடைகால முகாமில் வந்தது. அவள் துறையில் பட்டம் வேண்டுமென்றால் மேற்கு டெக்சாஸ் மலைகளில் பல வாரங்கள் தங்கிப் பாறைகளை வரைபடமாக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் கூடாரம் போட்டு இருப்பார்கள். அதுவரை நிலவியலை வகுப்பறைப் படிப்பு என்று நினைத்திருந்த மாமூ, செய்தி தெரிந்ததும் மனைவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். அத்தை பெரிய பாத்திரத்தில் பிரியாணி கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மாமூ என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"நீயே சொல்லும்மா. கல் உடைக்கிறது படிச்ச பொண்ணு பண்ற வேலையா? உன்னை மாதிரி கம்ப்யூட்டருக்கு மாறிக்கலாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "கம்ப்யூட்டருக்கு இவ இருக்கா. ஒரு வீட்டுக்கு ஒருத்தி போதும்."

"சரி. இந்த சம்மரே கல்யாணத்தை வெச்சிடலாம். அப்புறம் அவனே உன்னை மலைக்குக் கூட்டிட்டுப் போவான்."

"அது ஹனிமூன் இல்ல மாமூ. பரீட்சை."

அத்தை பாத்திரத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டார். மறுநாள் லாகூரிலிருந்து அவள் அப்பா போன் செய்தார். மலைக்குப் போனால் இந்த வீட்டுக்கு இனி போன் செய்யாதே என்றாராம். அவள் ரிசீவரை வைத்தாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் மலையேறும் பூட்ஸ் வாங்கினாள்.

பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டும் என்று சல்வாரோடு அதைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த நாளிலிருந்து கார் பார்க்கிங்கில் நடந்தாள்.

புறப்படும் காலையில் அவளுடைய மூட்டைகளை ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு போனோம். துறைக் கட்டடத்தின் எதிரே வேன்கள் நின்றன. பேராசிரியரும் பத்துப் பன்னிரண்டு மாணவர்களும் கூலரில் ஐஸ் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே தன் கார்மேல் சாய்ந்தபடி மாமூ நின்றிருந்தார்.

அவர் உருதுவில், தணிந்த குரலில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அவள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். வேண்டுமென்றேதான்.

"இல்ல மாமூ, கார்ல ஏற மாட்டேன்."

அவர் மறுபடி ஏதோ சொன்னார்.

"குடும்ப மானம் எந்த மலையிலயும் காணாமப் போகாது. பத்திரமா இருக்கும்."

அவர் முகம் சிவந்தது. அவள் பையைப் பிடித்து இழுத்தார். பையின் மறுபக்கம் என் கையில் இருந்தது. நான் விடவில்லை. பேராசிரியர் அருகில் வந்து, "ஏதாவது பிரச்சனையா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். இவர் என் மாமா. வழியனுப்ப வந்திருக்கார்," என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "நம்பிக்கை இல்லேன்னா நீங்களும் வாங்க. இன்னொரு கூடாரம் இருக்கு," என்றாள்.

மாமூ பையை விட்டுவிட்டார். அவள் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

வெயிலில் கறுத்து, உதடு வெடித்துத் திரும்பி வந்தாள். முகாமில் தேறியிருந்தாள். அதற்குள் நிச்சயம் முறிந்துவிட்டிருந்தது. மாமூ வீட்டுக் கதவும் மூடியது. அதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது வேறு. ஒரு பெண் கெட்டது போதும் என்று அவள் தங்கையின் கல்லூரிப் படிப்பை அப்பா நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அம்மா அதைச் சொன்னார்.

அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். "திரும்பிப் போகப் போறியா?" என்று கேட்டேன்.

"போனா அவளைக் காலேஜுக்கு அனுப்புவாங்களா? ரெண்டு பேரையும் உள்ள வெச்சுப்பாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அங்கே வீட்டிலேர்ந்தே படிச்சுப் பரீட்சை எழுதலாம். அவளுக்கு அது தெரியுமான்னு கேக்கணும்."

தங்கைக்குத் தெரிந்திருந்தது. மணமுடித்துப் போன தோழியின் பழைய புத்தகங்களை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாளாம்.

அந்த ஈத் பெருநாளை எங்கள் அபார்ட்மெண்டில் கொண்டாடினோம். நான் சேமியாப் பாயசம் வைத்தேன். அவர்கள் வீட்டில் செய்வது இப்படி நீர்த்து இருக்காது என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று கிண்ணம் குடித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஈரோட்டிலிருந்து ஜாதகம் பற்றிக் கேட்ட என் அப்பாவிடம், பிஎச்.டி.க்கு அப்ளை பண்ணுகிறேன் என்று நானும் அந்த மாதம்தான் சொன்னேன். அவர் நெடுநேரம் கத்தினார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்ளை பண்ணியதை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுவருடம் ஒரு மதியம் போன் அடித்தது. லாகூரிலிருந்து அவள் அப்பா. அவரோடு நான் பேசியது அது ஒருமுறைதான்.

"அவள் நலமா?" என்றார், நிதானமான ஆங்கிலத்தில்.

"நல்லா இருக்கா அங்கிள். லேபில பசங்களுக்குப் பாடம் எடுக்கறா."

"சின்னவ பி.ஏ. பாஸ் பண்ணிட்டா. யுனிவர்சிட்டியில சேரணுங்கறா. அவகிட்ட சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க. சாயந்திரம் வந்துடுவா," என்றேன்.

சாயந்திரம் என்றால் அங்கே எத்தனை மணிக்கு என்று கேட்டார்.