தென்னைமரம் கச்சேரி ஏறிய நாள்

மில் வேலையிலிருந்து அப்பாவும், பால்வாடிச் சமையலிலிருந்து அம்மாவும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். அதன்பிறகு பாகூர்ப் பக்கத்து எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் மிச்சமிருந்த ஒரே வேலை, வேலியோரத் தென்னைமரத்தைப் பற்றிச் சண்டை போடுவதுதான்.

மரத்தின் வேர் அடுத்த மனையில், அதாவது அம்மாவின் தம்பி மனையில் இருந்தது. வளைந்து வளர்ந்ததால் தலை எங்கள் கூரைமேல் இருந்தது. "தேங்கா எவன் வூட்டுல வுழுதோ அவன்தான் சொந்தக்காரன்" என்பது அப்பாவின் சட்டம். மாமா பேச்சை நிறுத்திக்கொண்டார். தை மாதம் மாமா மகளுக்குக் கல்யாணம். அத்தைக்காரியாக அம்மா முன்னால் நிற்கவேண்டிய கல்யாணம். மரம் யாருடையது என்று தெரியாமல் அந்தப் பந்தலில் கால் வைக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

"அது உன் தம்பி மரம்னு கச்சேரியில வந்து சொல்லு. அன்னிக்கே வுட்டுடறேன்" என்று வேறு தினமும் சீண்டுவார். கோர்ட்டு கச்சேரி என்று எந்தப் படியும் ஏறாதவள் என்பதில் அம்மாவுக்கு அத்தனை பெருமை. அது தெரிந்தே சொல்வார்.

எனக்கு இதெல்லாம் நினைப்பில் இல்லை. எனக்குச் சென்னையில் வேலை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். தெரிந்துகொண்ட எதையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் மனசு ஆறாது. மார்கழியில் ஊர் முழுக்கப் பாட்டாக இருக்கிறதே, அவர்களும் பார்க்கட்டும் என்று போன் செய்தேன். "காலையில பீச்சு, அப்புறம் கச்சேரி, சாயங்காலம் பஸ் ஏத்தி வுட்டுடறேன்."

இரண்டு பேரும் வந்து இறங்கியபோது அம்மாவின் பையில் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் இருந்தன.

கடற்கரையில் அம்மா தண்ணீர் ஓரம்கூடப் போகவில்லை. "நம்ம ஊருக்குப் பக்கத்துல மணப்பட்டுல இல்லாத கடலா?" என்றார். பிறகு என் சட்டையைப் பிடித்தார்.

"ஏண்டா, அப்பனும் புள்ளயும் சேந்துகினு என்ன கச்சேரி ஏத்தத்தான் இட்டாந்தீங்களா?"

"ஐயோ, பாட்டுக் கச்சேரிமா!"

"அத மொதல்லயே பாட்டுன்னு சொன்னா இன்னாடா?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த சுக்கு காபி மணலில் சிந்தியது. அம்மா சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே வந்தார்.

சபாவில் நல்ல குளிர். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ.சி.யிலயும் கொசுவாடா?" என்று அப்பா கேட்டார்.

தாளம் போடுகிறார்கள் என்று விளக்கினேன். உடனே அவரும் தட்டத் தொடங்கினார். பாடகர் ஒரு பக்கம் போக, அப்பா ஒரு பக்கம் போனார். பிறகு பிடில்காரரைக் காட்டி, "அவரு சொன்னதையே இவரு திருப்பிச் சொல்றாரு பாரு, சாட்சி மாரி" என்றார்.

அந்தச் சொல்லுக்காகத்தான் அம்மா காத்திருந்தாரோ என்னவோ. ஒரு பாட்டு முடிந்து, பாடகர் பிளாஸ்க்கைத் திறந்த நேரத்தில் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஐயா, எங்க வேலியோரம் நிக்கிற தென்னமரம் என் தம்பிதுங்க. கச்சேரியில சொல்லச் சொன்னாரு எங்க வூட்டுக்காரு. சொல்லிட்டேன்."

அரங்கத்தில் தம்புரா மட்டும் கேட்டது. நான் காலுக்கடியில் விழுந்த எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் அம்மாவிடம் கனிவாக, "விருப்பப் பாட்டெல்லாம் கடைசியிலதாம்மா கேக்கணும்" என்றார். பாடகருக்கு என்ன கேட்டதோ தெரியாது. வாயில் இருந்த வெந்நீரை விழுங்கிவிட்டு, மைக்கில் தெளிவாக, "சரிம்மா" என்றார்.

அம்மா உட்கார்ந்தார். அப்பாவின் கை தொடைமேல் பாதித் தாளத்தில் நின்றுவிட்டது.

கேன்டீனில் இலை போட்டுப் பரிமாறினார்கள். இரண்டாவது போளி வந்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"அவரு பாட்டுக்காரருடி. அவரு சொன்னா செல்லுமா?"

"கச்சேரின்னுதான நீ சொன்ன? எந்தக் கச்சேரின்னு சொன்னியா? அதுவும் மைக்குல சொல்லிட்டாரு."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன், சொல்லுடா."

எவ்வளவு யோசித்தும் அம்மா பேச்சில் ஓட்டை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. "செல்லும்பா" என்றேன்.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாமா வாசலில் பந்தல்காரன் கயிற்றை எதில் கட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்திலிருந்து அப்பா கத்தினார்: "தென்னையில கட்டுப்பா! மரம் என் மச்சானுதுதான். மெட்ராசுல கச்சேரியிலேயே தீந்துபோச்சி!"

மாமா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தார். "இன்னாக்கா, கேஸு போட்டீங்களா?"

அம்மா வேலியைத் தாண்டிப் போய் வாழைமரம் கட்ட ஆள் கூப்பிட்டார்.

கயிறு இறுகி, மரம் லேசாக ஆடி, ஒரு நெற்றுத் தேங்காய் எங்கள் கூரைமேல் விழுந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"டேய், அந்த ஹால்ல அடுத்த கச்சேரி எப்படா?"