அரைப்படிச் சோறும் அரைக்கிலோ கல்லும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு சோற்றுக்கடையில் இரண்டு வருடம் உலை பார்த்தேன். அங்கே சண்டை வந்ததும் கிழக்கே கிளம்பி, கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு ஊரில் வந்து நின்றேன். ஆட்சி மாறிய புதிது. சுவர்களில் படி அரிசி வாக்குறுதி இன்னும் அழியவில்லை. வயல்களில் கூலித் தகராறு. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு ஒரு தெருவே வேலைக்குப் போகாமல் இருந்தது. ஏழாம் நாள் தாசில்தார் முன்னால் பேச்சு. அதுவரை எல்லோருக்கும் ஒரே உலை என்று முடிவு செய்து, சமைக்கத் தெரிந்தவன் என்று என்னை அதற்கு நிறுத்தினார்கள்.

ஐம்பது வாய். திரட்டிய அரிசி எழுபது கிலோ, நாளுக்குப் பத்து. அரிசி கிலோவில் வந்தது, பரிமாறியது அரைப்படியில். பத்து கிலோ வடித்தால் அரைப்படியால் ஐம்பது முறை அளக்கலாம் என்பது நான் கடையில் கற்ற கணக்கு. முதல் நாள் முப்பத்தெட்டாவது ஆளோடு அண்டா தீர்ந்தது. அவசரமாக இன்னும் நாலு கிலோ வடித்தோம்.

பரிமாறிய அக்கா ஒவ்வொரு அரைப்படியையும் குவித்துப் போட்டிருந்தார்.

"தலையத் தட்டி அளங்கக்கா. இப்படிப் போட்டா ஆறாம் நாளு அண்டா காலி" என்றேன்.

அவர் அரைப்படியைக் கீழே வைத்துவிட்டார். "பண்ணையில கணக்குப்புள்ள கட்டையால தட்டித்தான் நெல்லு அளக்குறாரு. அது பத்தாதுன்னு எங்க சோத்துக்கு நாங்களே தட்டிக்கணுமா? நீ எந்தப் பக்கம்யா?"

"அந்தக் கட்டையயும் வாங்கியாரச் சொல்லுங்க" என்றாள் வரிசையில் ஒருத்தி. சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறாம் நாள் பிள்ளை பசித்து அழுதால் யாராவது பழைய கூலிக்கே வயலில் இறங்கிவிடுவார்கள். ஒருவர் இறங்கினால் ஏழாம் நாள் பேச ஒன்றும் இருக்காது.

மறுநாள் காலை கடைத்தெருவில் மளிகைக்கடை பாயிடம் தராசு கேட்டேன்.

"எதுக்கு தம்பி?"

"சோறு நிறுக்க."

"புளி நிறுத்திருக்கேன், கருவாடு நிறுத்திருக்கேன். சோறு நிறுக்கன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்." இருந்தாலும் உள்ளே போய்ப் பழைய தராசு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வடித்து, நிறுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ அரிசி இரண்டே முக்கால் கிலோ சோறானது. மிச்சம் ஐம்பத்தாறு கிலோ அரிசி, ஆறு நாள். ஒன்பது கிலோ வடித்தால் ஆளுக்கு அரைக்கிலோ வரும். தராசில் சோறு வைக்கும் தட்டில் வாழையிலை விரித்தேன். எடை சமமாக இருக்கக் கல் வைத்த தட்டிலும் அதே அளவு இலை.

"கல்லுக்கும் எல போட்டாச்சு, கொழம்பு ஊத்துங்கடி" என்று அக்கா கேலி செய்தார். ஆனால் முள் நடுவில் வந்து நின்றதைக் குனிந்து பார்த்தார். பிறகு அவரே நிறுத்துப் போட்டார். சூட்டில் பொலபொலவென்று கிடந்த சோறு ஆறியதும் அமுங்கிக் குறைவாகத் தெரிந்தது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். யாரும் கோபப்படவில்லை, தட்டிப் போட்டாய் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஏழாம் நாள்வரை ஒருவரும் வயலில் இறங்கவில்லை. இரண்டு கிலோ அரிசி மிஞ்சியது.

பேச்சுக்குப் போனவர்கள் சாயங்காலம் காகிதத்தோடு வந்தார்கள். அரைப்படி கூட்டித் தர ஒப்புக்கொண்டாயிற்று. தெருவே கூடி நின்றது. அக்கா மட்டும் கேட்டார்: "தட்டியா, குவிச்சா?"

போனவர்கள் காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தார்கள். காகிதத்தில் அது இல்லை.

"தராச இப்பத் திருப்பிக் குடுக்காத. கூலி போடுற அன்னைக்கும் வேணும்" என்றார் அக்கா என்னிடம். "பழைய கூலி நெல்லையும் கூட்டின அரைப்படியையும் நிறுத்துப் பாத்துட்டுத்தான் தூக்குவோம்."

பாயிடம் போய்ச் சொன்னேன்.

"பண்ணைக்காரங்களும் நம்ம கடைக்குத்தான் தம்பி வர்றாங்க" என்றார். கல்லாப்பெட்டியை மூடினார், திறந்தார். "வச்சுக்கங்க. திருப்பிக் கொண்டாரப்ப முன்வாசல்ல வராதீங்க. கொல்லப்பக்கமா வாங்க."