அண்ணனின் நீர்மாலைக்கு வந்த தண்ணீர்

எங்கள் அண்ணன் போய் ஓர் ஆண்டு ஆகிறது. அன்று தோள் கொடுத்த உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தரும்போது, புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் காட்டில். அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டி என்னைப் படிக்கவைத்தார்கள். பிறகு மதினியோடு ஊர் திரும்பி, எங்கள் இருவருக்கும் பொதுவான கிணற்றை நம்பி வெள்ளாமை பார்த்தார்கள்.

முழங்கால் அளவு தண்ணீர் கிடக்கும்போதே அண்ணன் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள், மிளகாய்ச் செடி வாடினாலும் சரி. கிணற்றில் மீனும் ஓர் ஆமையும் இருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமையா வந்து நம் பிள்ளைகளுக்குச் சோறு போடப்போகிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"போடாதுலே. அதுவும் நம்மகிட்டச் சோறு கேக்கலியே. குடியிருக்க எடத்த உறிஞ்சாம இருந்தாப் போதும்," என்றார்கள்.

தண்ணீர் மனிதனுக்குத்தான் என்பது என் கட்சி. என் பங்கு நிலத்தில் ஆழ்துளைப் போர் போட்டேன். வாழை வைத்தேன், மகளை இன்ஜினியரிங் சேர்த்தேன், அதையும் மறைப்பதற்கில்லை. இரண்டு கோடையில் கிணறு வறண்டது. அண்ணன் ஆமையைச் சாக்கில் எடுத்துப்போய்க் கண்மாயில் விட்டார்கள். என் போர் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

மாரடைப்பில் அண்ணன் போன அன்று, உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும்; அது சொந்தக் கிணற்றுத் தண்ணீராக இருப்பதுதான் எங்கள் வழக்கம். கிணறோ வெறும் பாறை. ஊர் முன்னால் மானம் போய்விடும் என்று பயந்து, நீங்கள் வந்து சேருமுன் என் போரிலிருந்து ஹோஸைக் கிணற்றுக்குள் இறக்கி மோட்டாரைப் போட்டேன். வெள்ளைத் துணி பிடித்து நாம் குடத்தில் எடுத்துவந்தது அந்தத் தண்ணீர்தான். அண்ணன் தொடாத தண்ணீரை அவர்கள் தலையில் நானே ஊற்றினேன். இன்றைக்கும் மோட்டார் சுவிட்சில் கை வைத்தால் அந்தக் குளிர்ந்த நெற்றிதான் கையில் படுகிறது. பயமாக இருக்கிறது.

கிணற்றில் ஏது தண்ணீர் என்று மதினி மட்டும் கேட்டார்கள். ஊறியிருக்கிறது என்றேன்.

"அவுகளுக்காவ ஊறிருக்கு," என்று கிணற்றுத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்கு வைக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் காரெடுத்து வந்த அண்ணாச்சிக்கும், பந்தல் போட்ட பங்காளிகளுக்கும், பதினாறு நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மதினி, கிணறு ஊறவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இதை அச்சில் போட்டேன்.