நரி கடித்த பின் எண்பத்துநான்கு நாள்

எங்கள் சரிவில் கோப்பி இலையில் நோயின் மஞ்சள் பொட்டு முதன்முதல் கண்டது எந்த மாதம் என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். கேட்பது நியாயம்தான். மழை பிடித்த நாள், கோப்பி பூத்த நாள், மாலை ஆறு மணிக்குக் கூவும் வண்ணக் குருவி வடக்கிலிருந்து வந்து சேர்ந்த நாள், எல்லாவற்றையும் கிழமையோடு எழுதி வைப்பவன் நான் என்று ஹந்தானை மலையில் பலருக்கும் தெரியும். அந்த வருஷத்துப் புத்தகமும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் மஞ்சள் பொட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஐப்பசி முதல் தை வரை அதில் இருப்பது ஒரு கன்றுக்குட்டி பால் குடித்த விவரமும் என் மனைவி தண்ணீர் குடித்த விவரமும்தான்.

நான் அப்போது ஒரு கோப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்ட எல்லைக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில், எங்களுக்கென்று மூன்று ஏக்கர் கோப்பியும் இரண்டு அறை வீடும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு அந்தக் காட்டின் ஈரம் பழக நெடுநாள் எடுத்தது. காலையில் நான் தோட்டத்து வேலைக்கு இறங்குமுன் எங்கள் நிலத்து வேலைகளை இருவரும் பகிர்ந்துகொள்வோம். காட்டுப்பன்றி கிளறிப்போட்ட வேலியைச் சரிசெய்வது என் பங்கு. மரநாய் கொட்டை பொறுக்குவது அவள் பங்கு. மரநாயும் நரியும் இரவில் வந்து நன்றாகப் பழுத்த கோப்பிப் பழமாகப் பார்த்துத் தின்னும். சதை செரித்துப் போகும், கொட்டை எச்சத்தோடு அப்படியே விழும். விழுந்த மரங்களின் மேலும் பாறைகளின் மேலும் அதைத் தேடிப் பொறுக்கி, பீலித் தண்ணீரில் கழுவி, களத்தில் காயவைக்க வேண்டும். அசிங்கமான வேலை என்று முதலில் மூக்கைச் சுளித்தவள், பிறகு எந்தப் பாறை எந்த மரநாய்க்குச் சொந்தம் என்று எனக்கே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

தீபாவளி அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள், புதன்கிழமை. மூடுபனி. நான் வேலியில் கம்பு நட்டுக்கொண்டிருந்தேன். அவள் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு மேல் பாறையடியில் குனிந்திருந்தாள். பனிக்குள்ளிருந்து ஒரு நரி வந்தது. மனிதரைக் கண்டால் நரி நின்று பார்க்கும், பிறகு பக்கவாட்டில் நழுவும். இது நிற்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டு, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல நேராக அவளிடம் போனது. நான் கத்தியது அவளுக்கு எட்டுமுன் அது பாய்ந்துவிட்டது.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நரி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சிதறிய கொட்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதேங்கோ. கூடையால அடிச்சன், விட்டிட்டுது."

"எங்க கடிச்சது? காட்டும்."

"கம்பளிக்கு மேலாலதான். ஒண்டுமில்லை."

இடது முன்கையில் இரண்டு பல் தடம் இருந்தது. ஒன்றில் இரத்தம் துளிர்த்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. எங்கள் நிலத்தின் கீழ் எல்லையில் குடிசை போட்டிருந்தவள் அவள், தோட்டத்தில் பிஞ்சு வயதிலிருந்தே கோப்பிப் பழம் பறித்தவள், கணவனை இழந்தவள். நரி அவள் தொழுவத்துக்குள் புகுந்து கன்றின் மூக்கைக் கடித்துவிட்டு ஓடையில் இறங்கிப் போய்விட்டது. அதன் பிறகு அந்த நரியை எவரும் காணவில்லை.

அந்தப் பெண்தான் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி என் மனைவியின் கைக்கும் சூடு வைத்தாள், கன்றின் மூக்குக்கும் வைத்தாள்.

"பகல்ல வந்து கடிக்கிற நரி நல்ல நரி இல்லைங்க ஐயா. அம்மாவப் புடிச்சுக்குங்க. நீங்க பாக்காதீங்க, நீங்க விழுந்துட்டா யாரு தூக்குறது?"

என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நான்தான் திரும்பிக்கொண்டேன்.

பன்வில பக்கத்திலிருந்து ஒரு சிங்கள வைத்தியரை அழைத்து வந்தேன். அவர் பச்சிலை அரைத்துக் கட்டி, மூன்று அமாவாசை கழிந்தால் பயமில்லை என்றார். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். தை அமாவாசை எண்பத்துநான்காம் நாள் வந்தது. அது போதாதென்று துரையின் பங்களாவில் மருந்துப் பெட்டியோடு இருந்த ஆங்கில வைத்தியப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி வந்தேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம். வெறிநோய் பிடித்தவர் தண்ணீரைக் கண்டால் நடுங்குவார், விழுங்க முடியாது, தொடங்கிவிட்டால் மருந்து இல்லை என்று அதில் இருந்தது. நோய் பல வாரங்கள் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் என்றும் இருந்தது. புத்தகத்தை அலுமாரியின் மேல், அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

நரி வெறிநரிதானா என்பதற்கு எனக்கு ஒரே சாட்சி கன்றுதான். அதே வாய், சில நிமிஷ வித்தியாசத்தில், இரண்டு பேரையும் கடித்திருக்கிறது. கன்று சிறியது, கடி தலையில். வருவதாக இருந்தால் அதற்குத்தான் முதலில் வரும். இந்தக் கணக்கை மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் வேலி பார்க்கப் போவதாகச் சொல்லித் தொழுவத்துக்குப் போய் நின்றேன்.

"என்னங்க கணக்கப்பிள்ளை ஐயா, விடிஞ்சா எங் கன்னுகிட்ட ஆசீர்வாதம் வாங்க வந்துர்றீங்க? விலைக்குக் கேக்குறதா இருந்தா நேரா கேளுங்க. குடுக்க மாட்டேன்."

"பால் குடிச்சுதோ?"

"குடிச்சிச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஆத்தாடி! அதுக்கும் தோட்டத்து செக்ரோல் புத்தகத்துல பேர் போடப் போறீங்களா?"

சிரிப்பேன். வீட்டுக்கு வந்து எழுதுவேன். ஏழாம் நாள், செவ்வாய். கன்று நன்றாகக் குடித்தது. மனைவி காலையில் ஒரு செம்பு தண்ணீர், மத்தியானம் ஒரு செம்பு. பன்னிரண்டாம் நாள், ஞாயிறு. கன்று துள்ளியது. அவள் இரண்டு செம்பு.

அந்த நாட்களில் காடு எனக்கு வேறு விதமாகிவிட்டது. முன்பு மரநாயைக் கண்டால் அதன் வால் நீளத்தை எழுதுவேன். இப்போது அதன் வாயைத்தான் பார்த்தேன். வேலியோரம் சருகு அசைந்தால் கையிலிருந்த கம்பு தானாக உயர்ந்தது. ஒரு காலை மந்தி ஒன்று கிளையில் உட்கார்ந்து எச்சில் வழியப் பழம் மென்றதைப் பார்த்துவிட்டு வேலையைப் போட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். கோப்பி இலைகளுக்கு நடுவேதான் நாள் முழுதும் நடந்தேன். இலையை மட்டும் பார்க்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள், சனி, முதல் அமாவாசை கழிந்தது. அன்று கன்று தொழுவத்தை விட்டு ஓடி என் வேட்டியை முட்டியது. இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இருபத்தெட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை நான் போனபோது அந்தப் பெண் கேலி பேசவில்லை. தொழுவத்து வாசலில் குந்தியிருந்தாள்.

"ராவுலேருந்து மடியத் தொட மாட்டேங்குது ஐயா. கத்துது. கேளுங்க, அது கன்னு கத்துற மாதிரியா இருக்கு?"

இல்லை. கரகரத்து, அடித்தொண்டையிலிருந்து வந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. அவள் தண்ணீர்ச் சட்டியை வைத்தாள். கன்று மூக்கை நுழைத்தது, விழுங்கப் பார்த்தது, தண்ணீர் அப்படியே கடைவாயால் வழிந்தது. மறுநாள் அது தூணை முட்டிக்கொண்டிருந்தது, பின்கால்கள் மடிந்தன. தோட்டத்துக் காவல்காரர் துப்பாக்கியோடு வந்தார். அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடைப்பக்கம் திரும்பி நின்றாள்.

வெடிச் சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்டிருக்கும். நான் திரும்பியபோது மனைவி களத்தில் கோப்பி கிளறிக்கொண்டிருந்தாள்.

"கன்றோ?"

"ஓம்."

அவள் களத்துக்குத் திரும்பினாள். பலகையால் கோப்பியை இழுத்து வரிசை வரிசையாக விட்டாள். சூடு வைத்த கை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்ந்தது.

முப்பதாம் நாளிலிருந்து என் புத்தகத்தில் எழுத்து சிறுத்திருக்கிறது. முப்பது, வியாழன். காலையில் அரைச் செம்பு. மத்தியானம் வேண்டாம் என்றாள். முப்பத்திரண்டு, சனி. இரண்டு வாய். முப்பத்துமூன்று, ஞாயிறு. செம்பை நான் நீட்டினேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரே ஒரு வாய் குடித்தாள். கை நடுங்கித் தண்ணீர் மார்பில் கொட்டியது. நான் துடைக்கப் போனபோது விலகினாள்.

முப்பத்துநான்காம் நாளுக்கு ஒன்றும் எழுதவில்லை. பக்கம் வெறுமையாக இருக்கிறது. அன்று நான் செய்தவை எல்லாம் நினைவிருக்கிறது. அரிவாளையும் மண்வெட்டியையும் வெளியே கொண்டுபோய்ச் சாக்குகளுக்கடியில் ஒளித்தேன். கதவுத் தாழ்ப்பாள் வெளிப்பக்கமிருந்து போடக்கூடியதா என்று பார்த்தேன். பார்த்த பிறகுதான் யாருக்காக அதைப் பார்த்தேன் என்று உறைத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்படி நின்றபோது அவள் கூடையை எடுத்துக்கொண்டு பீலிப்பக்கம் போவது தெரிந்தது. தனியே விடப் பயம். கூடவே போகவும் பயம். கோப்பி வரிசைக்குள் பதுங்கிப் பதுங்கிப் பின்னால் போனேன், அந்த நரி வந்தது போல.

பீலி என்பது பாறை இடுக்கிலிருந்து கமுகம் பட்டையில் வழிந்து விழும் தண்ணீர். அவள் கூடையை வைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு குனிந்து, விழும் தண்ணீருக்கு நேரே வாயை வைத்துக் குடித்தாள். மடக் மடக்கென்று, மூச்சு விடாமல். கையைக் குவித்து ஏந்தி மறுபடியும் குடித்தாள். முகத்தில் அடித்துக் கழுவிவிட்டு மறுபடியும் குடித்தாள்.

எட்டிப் பார்க்க முன்னால் சாய்ந்தேன். கோப்பிச் செடியைப் பிடித்தேன், அது முறிந்தது. அவள் அலறிக்கொண்டு திரும்பினாள்.

"ஐயோ! நீங்களோ? நரியெண்டு நினைச்சன்!"

"தண்ணி குடிக்கிறீர்!"

"குடிக்காமல்? அஞ்சு நாளாய் இதிலைதான் குடிக்கிறன்."

"வீட்டிலை ஏன் குடிக்கேல்லை? செம்பைக் கண்டு நடுங்கினீரே, நான் பார்த்தனே!"

அவள் பாறையில் உட்கார்ந்தாள். மெல்லச் சொன்னாள். கையைச் சுட்ட அன்றே கீழ்க்குடிசைப் பெண் அவளிடம் சொல்லியிருக்கிறாள்: நரி விஷம் ஏறினால் தண்ணீரில் தன் முகம் தெரியாது, கடித்த நரியின் முகம்தான் தெரியும். கன்று சாகும்வரை இவள் தினமும் காலையில் செம்புக்குள் பார்த்திருக்கிறாள். தன் முகம்தான் தெரிந்திருக்கிறது. கன்று செத்த அன்றைக்குப் பிறகு பார்க்கத் துணிவில்லை.

"ஓடுற தண்ணியிலை ஒண்டும் தெரியாது. அதுதான் இஞ்ச வந்து குடிச்சன். வீட்டிலை நீங்கள் வேறை செம்பை நீட்டிப்போட்டு என்ர தொண்டையையே பாத்துக்கொண்டிருக்கிறியள். அப்பிடிப் பாத்தால் ஆருக்குத்தான் இறங்கும்? ஒவ்வொரு வாய்க்கும் உங்கட பென்சில் அசையுது."

"உமக்குத் தெரியுமோ?"

"அலுமாரிக்கு மேலை இருக்கிற புத்தகமும் தெரியும். கதிரை வைச்சு ஏறினன். படம் மட்டும் பாத்தன்."

ஆங்கிலமும் பஞ்சாங்கமும் படித்தவன் நான். முகம் தண்ணீரில் மாறாது என்று அவளுக்கு நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. பீலிக்குக் கீழே கொட்டை கழுவும் தொட்டியில் தண்ணீர் தெளிந்து நின்றது. நான் அதைக் காட்டினேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் விளிம்பில் போய் நின்றோம். அவள் குனிந்தாள். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. எனக்கும் துணிவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றாள். "நல்லாக் கறுத்துப் போனன்."

பிறகு தொட்டிக்குள் கையை விட்டு எனக்கும் ஒரு கை அள்ளித் தந்தாள்.

அதோடு பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அவள் முகம் தெரிந்ததால் நோய் இல்லை என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. கன்றுக்கு வந்தது அவளுக்கு வராமல் தடுத்தது அந்தத் தடித்த கம்பளியா, அரிவாள் சூடா, பச்சிலையா, எனக்குத் தெரியாது. நான் கம்பளி என்று நினைக்கிறேன். ஐம்பத்தைந்தாம் நாள் திங்கட்கிழமை இரண்டாம் அமாவாசை. எண்பத்துநான்காம் நாள் செவ்வாய்க்கிழமை தை அமாவாசை. வெயில். பழம் பறித்து முடிந்தது. அவள் மூன்று செம்பு குடித்தாள். மூன்றாவது செம்பைக் கீழ்க்குடிசைப் பெண் கொண்டுவந்து தந்தாள், மோர் கலந்து. "எழுதிக்கிட்டீங்களா ஐயா? மோரத் தனியா எழுதுங்க," என்றாள். கன்று செத்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் கேலி அது.

இப்போது அந்தச் சரிவில் கோப்பி இல்லை. இலைநோய் வந்து எல்லாம் மொட்டையாகி, எங்கள் மூன்று ஏக்கரையும் காடு திரும்ப எடுத்துக்கொண்டது. அது எந்த மாதம் தொடங்கியது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் குடிக்க ஏதாவது நீட்டுவேன், பேச்சை மாற்றுவேன். மனைவியும் வந்து உட்காருவாள். அவள் செம்பில் தண்ணீர் குடிக்கும்போது நான் வேறு பக்கம் பார்க்கத்தான் முயல்வேன். முடியாது. அவளுக்கும் அது தெரியும். குடித்து முடித்ததும் பேச்சை நிறுத்தாமலே செம்பை என் பக்கமாகக் கவிழ்த்துக் காட்டுவாள், ஒரு துளி இல்லை என்று.