முத்துலட்சுமிக்குச் சொல்லாத கடைசித் தேதி

போன வாரம் எங்கள் பிரஸ்ஸுக்கு ஒரு காலண்டர் ஆர்டர் வந்தது. மாதத்துக்கு ஒரு நீர்ப்பறவை. மை வாசம் போகாத முதல் தாளில் ஒரு நாரையைப் பார்த்ததும் முத்துலட்சுமி ஞாபகம் வந்துவிட்டது. நாற்பதைத் தொடப்போகிறேன், இன்னும் பொறாமை.

நாங்கள் இருவரும் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் ஒன்றாகப் படித்தோம். நான் சிவகாசியில் பிரஸ்காரர் மகள். அவள் தாயில்பட்டி, அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர்கள் ஊர்ப் பக்கத்துக் கண்மாய்தான் எங்கள் ப்ராஜெக்ட். தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, என்னென்ன பறவை வருகிறது என்று பார்க்க வேண்டும். அப்பா வாங்கித் தந்த பைனாகுலரை மாட்டிக்கொண்டு நான் ராணுவ அதிகாரி மாதிரி கரையில் நின்றேன். அவள் முழங்கால் சேற்றில் நின்று, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"முன்னெல்லாம் எம்புட்டு நாளுக்கா தண்ணி கெடக்கும்?"

"தை முடிய கெடக்கும். இப்பந்தான் வரத்து ஓடைய அங்கங்க தூத்துட்டாகளே, மழ பேஞ்சு என்னத்துக்கு?"

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடை நெடுக நடந்தே போனாள். உலகமெல்லாம் பருவநிலை மாறுகிறது, அதனால் கண்மாய் வற்றுகிறது என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அவள் எந்தெந்த இடத்தில் ஓடை அடைபட்டிருக்கிறது என்று வரைந்து காட்டினாள். பேராசிரியர் அதை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். என்னிடம், "பைண்டிங் நல்லாருக்கும்மா" என்றார். நல்லாயிருக்காதா பின்னே, எங்கள் பிரஸ்ஸில் செய்ததாயிற்றே!

அப்புறம்தான் வெளிநாட்டில் நீர்வள மேலாண்மை படிக்க உதவித்தொகை அறிவிப்பு வந்தது. அந்த வாரம் முத்துலட்சுமி கல்லூரிக்கு வரவில்லை. கம்பெனியில் அம்மாவுக்குக் கை வெந்து, சிவகாசி ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள்.

"வெள்ளிக்கிழம கடைசி. அவகிட்டயும் சொல்லிரும்மா" என்றார் பேராசிரியர்.

அன்றே நான் விண்ணப்பித்தேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போனேன். அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேராசிரியரே அவளுக்குப் போன் போட்டிருக்கிறார். ஓட்டமாக ஓடிக் கடைசி நேரத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, நேரே பிரஸ்ஸுக்கு வந்தாள்.

"ஒனக்கு என்னைக்கு புள்ள தெரியும்?"

"திங்கக்கிழம."

திட்டியிருந்தால் தேவலை. "குடிக்கத் தண்ணி குடு" என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. இப்போது எந்தெந்த நாட்டு ஏரிகளையோ ஆராய்கிறாள். நான் காலண்டர் அடிக்கிறேன்.

நேற்று ஒரு வேலையாகத் தாயில்பட்டிப் பக்கம் போனேன். ஓடை இருந்த இடத்தில் மஞ்சள் அடித்த மனைக்கற்கள். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம், ஒரு கொக்குகூட இல்லை. படம் எடுத்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு அவளுக்கு அனுப்பினேன். இதையாவது நான் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

உடனே பதில் வந்தது: "போன வருசமே சாட்டிலைட் படத்துல பாத்துட்டேன் புள்ள. ஓடை இருந்த தடமே இல்ல. நீ நல்லாருக்கியா?"